ஊரைப் படிக்கட்டும் நம் குழந்தைகள்!

சமூக அறிவியல் என்ற பெயரில் நமது பள்ளிகளில் ஒரு பாடம் நடக்கிறது. மன்னர் வம்சங்கள், மண் வகைகள், பாராளுமன்றம், பஞ்சாயத்து, வரி, வாணிபம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மாணவன் குடியிருக்கும் தெரு அதில் இல்லை. அவனுடைய தாய் நடவுக்குப் போகும் வயல் அதில் இல்லை. அவனுடைய தகப்பன் மூட்டை தூக்கும் மண்டி அதில் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்தப் பாடத்துக்கு 100 மார்க். அந்த மார்க்குக்காக வருஷங்களையும் பெயர்களையும் உருப்போட்டு, பரீட்சை மண்டபத்தில் கொட்டிவிட்டு, வாசலைத் தாண்டும்போதே மறந்துவிடுகிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இது மாணவனின் குற்றமல்ல. பெரும்பாலும் ஆசிரியரின் குற்றமுமல்ல. சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன் 1952-53ல், சரித்திரம், பூகோளம், குடிமையியல் ஆகியவற்றைத் துண்டு துண்டாகக் கற்பிக்காமல், மாணவன் தன்னைச் சூழ்ந்த சமுதாயத்தைப் புரிந்துகொள்ளும்படி சமூகப் பாடம் என ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்று யோசனை கூறியது. 2005ல் வந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று முதற் கொள்கையாகவே எழுதி வைத்தது. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. அவை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குழந்தைகளும் அந்த வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை.

வெளியே போனால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைப் பற்றிப் படிக்காத மாணவன் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம்!" என்று மேடைகளில் முழங்குகிறார்கள். மாணவனும் அப்படியே எழுதி மார்க் வாங்குகிறான்.

அந்த மாணவனை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். கல்வெட்டில் உள்ள தகுதிகளை ஒவ்வொன்றாக ஆசிரியர் எடுத்துச் சொல்லட்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கேட்டதும் கூலிக்காரர் வீட்டுப் பையன் என்ன கேட்பான்? "சார், அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் விழுந்ததா?" என்று கேட்பான். "பெண்கள் பெயர்?" என்று ஒரு சிறுமி கேட்பாள். அந்தக் கேள்வி பிறக்கிற நிமிஷத்தில்தான் சமூக அறிவியல் பிறக்கிறது! சபையின் ஒழுங்குமுறையை வியக்கலாம். கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் ஒதுக்கி வைத்த விதியைப் பாராட்டலாம். ஆனால் அது யாருடைய சபை என்ற கேள்வியை விழுங்கிவிட்டுப் பாராட்டுவது சரித்திரமல்ல.

கீழடியையும் பாருங்கள். 2014-15ல் தொடங்கிய அகழாய்வு, வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வாழ்க்கையை வெளிக்கொண்டு வந்தது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிகளை வரிசையில் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் சுற்றுலா. பானை ஓட்டில் ஆதன் என்று கீறப்பட்டிருக்கும் பெயர் எந்த மன்னனுடையது என்று தேடாமல், தன் பாத்திரத்தில் தானே பெயர் எழுதத் தெரிந்த மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்களே என்று வியக்க வைப்பதும், நூல் நூற்ற தக்களியைப் பார்த்து அதைச் சுழற்றிய கை யாருடையது என்று யோசிக்க வைப்பதும்தான் கல்வி.

இதற்கெல்லாம் தூர தேசப் பிரயாணம் அவசியமில்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களில் கொடியேற்றத்துக்காக மாணவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அதே நாட்களில் கிராம சபையும் கூடுகிறது. மிட்டாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிராம சபைக்கு அழைத்துச் சென்றால் என்ன? அவர்களுக்கு ஓட்டு இல்லை. காதும் கண்ணும் உண்டு. வரவு செலவு படிக்கப்படுகிறதா, எத்தனை பெண்கள் பேசினார்கள், எந்தத் தெருவின் கோரிக்கை தீர்மானமாயிற்று, எது ஆகவில்லை என்று நோட்டில் எழுதி வரட்டும். பஞ்சாயத்து ராஜ் பாடத்தைப் பிறகு நடத்துங்கள். ஒரு வரியும் மறக்காது.

ஊரின் படத்தை மாணவர்களே நடந்து வரையட்டும். வாய்க்கால் எங்கே கடைமடை ஆகிறது? தண்ணீர்த் தொட்டி எங்கே, ரேஷன் கடை எங்கே? தெருவிளக்கு எந்தத் தெருவோடு நின்றுபோகிறது? சுடுகாடு ஒன்றா, இரண்டா? அந்தப் படத்தில் பூகோளமும் இருக்கிறது, பொருளாதாரமும் இருக்கிறது, ஜாதியும் இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, 2008 மே மாதத்தில், கம்யூனிஸ்டுகளும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு இடிக்கப்பட்டது. அது அரசியல் சட்டத்தின் 17ஆவது ஷரத்தை விளக்கும் பாடம்.

நாகை மாவட்டத்துப் பிள்ளைகள் 1930ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்தைப் பார்க்கட்டும். கூடவே, இன்றும் வெயிலில் உப்பு வாரும் தொழிலாளியிடம் கூலியைப் பற்றிக் கேட்கட்டும். கீழ்வெண்மணிக்கும் போகட்டும். 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டது எதற்காக? கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதற்காக. செங்கொடியைக் கீழே இறக்க மறுத்ததற்காக! நிலப்பிரபுத்துவம் என்ற சொல்லுக்கு எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகப் பொருள் சொல்லாது.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். சேரிக்கு மற்றவர்களைக் கூட்டிப்போய் ஏழ்மையை வேடிக்கை காட்டுவது கல்வியல்ல, அவமதிப்பு. அந்தத் தெருப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி கேட்பவர்களாகப் போக வேண்டும். காட்சிப் பொருளாக நிற்கக் கூடாது.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. 1953ல் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும்! அதுவும் வாழ்க்கையோடு இணைந்த கல்வி என்றுதான் விளம்பரம் செய்யப்பட்டது. குலக் கல்வி என்று அதன் முகத்திரையைத் தமிழ் மக்கள் கிழித்தார்கள். 1954ல் அது கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பத்து நாட்கள் 'பையில்லா நாட்கள்' என்று வைத்து, தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் பிள்ளைகள் பயிற்சி பெறலாம் என்கிறது. உழைப்பை மதிக்கக் கற்பதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் யாருடைய பிள்ளை எந்தப் பட்டறைக்கு அனுப்பப்படுவான்? பணக்காரப் பள்ளிப் பிள்ளைக்கு அது பத்து நாள் பொழுதுபோக்கு. சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு அதுவே தலையெழுத்து என்றாகிவிடலாகாது.

நாம் கேட்பது வேறு. குயவரிடம் போகட்டும். ஆனால் சக்கரம் சுற்ற மட்டுமல்ல. களிமண் எடுக்கும் ஏரியில் யாருக்கு உரிமை, பானைக்கு என்ன விலை, இடையில் யார் லாபம் அடிக்கிறார்கள் என்று கேட்கப் போகட்டும். தொழிலுக்கு ஆள் பிடிப்பது வேறு. தொழிலைச் சூழ்ந்த சமுதாய உறவுகளைப் புரியவைப்பது வேறு.

இது நடக்காத காரியமல்ல. சோவியத் உக்ரேனில் பாவ்லிஷ் என்ற கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் சுகோம்லின்ஸ்கி, போரின் காயம் ஆறாத 1951ஆம் ஆண்டில், ஆறு வயதுக் குழந்தைகளை நீல வானத்தின் கீழே, தோட்டத்திலும் வயல்வெளியிலும் வைத்துப் படிப்பித்தார். அங்கே வசதியா கொழித்துக் கிடந்தது? இல்லை. பள்ளியைச் சமுதாயத்தின் சொத்தாக மதிக்கும் மனம் இருந்தது.

இங்கே என்ன நிலை? தனியார் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பணம் வசூலித்துக் கேளிக்கைப் பூங்காவுக்குப் பஸ் விடுகின்றன. கட்ட முடியாத பிள்ளை வீட்டில் அழுகிறான். சர்க்கார் பள்ளி ஆசிரியரோ கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் ஏற்றுவதிலும், சர்வே வேலையிலும் கரைகிறார். வெளியே அழைத்துப்போய் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுவதும் தன் தலையில்தான் விழும் என்று அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. பொறுப்பை ஏற்க வேண்டியது சர்க்கார்.

ஆகவே நாம் கோருகிறோம்:

1. மாதம் ஒரு நாளாவது களப்பாடம் என்று கால அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். பரீட்சையிலும் அதற்கு மதிப்பெண் வேண்டும்.

2. மாணவரிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. போக்குவரத்துக் கழகப் பஸ், சத்துணவு, முதலுதவி ஆகியவற்றைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

3. காலியிடங்களில் நிரந்தர ஆசிரியரை நியமித்து, கல்வி சாராத வேலைகளிலிருந்து அவர்களை விடுவிக்க வேண்டும்.

4. பெண் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் ஒருவர்கூட விடுபடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. களப்பாடம் என்ற பெயரில் குழந்தைகளிடம் வேலை வாங்குவதைத் தடை செய்ய வேண்டும்.

ஆசிரியர் சங்கங்களும், மாணவர், வாலிபர், மாதர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் இவற்றைத் தீர்மானமாக்க வேண்டும். கேள்வி கேட்கும் குழந்தையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் இதைத் தடுக்கப் பார்ப்பார்கள். உழைக்கும் மக்களுக்கு அந்த அச்சம் இல்லை. வயலில் பாடுபடும் தாயைத் தன் குழந்தை நோட்டும் கையுமாக வந்து, "இந்த நிலம் யாருடையது?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல அவள் தயாராகவே இருக்கிறாள்!