நாலு பேர் என்பது நாம்தான்: சாவு வீட்டுச் செலவு பற்றி ஒரு பொது வேண்டுகோள்



கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம். கரும்புப் பணம் வரட்டும், சீட்டு விழட்டும் என்று தேதியைத் தள்ளியும் வைக்கிறோம். சாவைத் தள்ளி வைக்க முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு உயிர் பிரிந்தால் ஐந்து மணிக்குள் பந்தல்காரருக்கு ஆள் போக வேண்டும். குளிர்ப்பெட்டிக்குச் சொல்ல வேண்டும். மேளத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் விலை கேட்கும் மனம் யாருக்கும் இருக்காது. கேட்டாலோ, பெத்த அப்பன் சாவுக்கே பேரம் பேசினான் என்ற பேச்சு வந்துவிடும். பங்காளி ஒருவர் 'நான் பாத்துக்கறேன், நீ போய் உள்ள உக்காரு' என்று சொல்லிவிட்டுப் பணம் புரட்டி வருவார். எங்கே வாங்கினார், எத்தனை வட்டி என்பது மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகுதான் தெரியும்.

இதை எழுதும் நாங்கள் கட்சிக்காரர்கள் அல்ல. இந்த ரிஷிவந்தியம் வட்டாரத்திலேயே குடியிருக்கிற ஆசிரியர்கள், மகளிர் குழுப் பெண்கள், மேளம் அடிப்பவர்கள், பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போய்வருகிறவர்கள். எங்கள் வீடுகளிலும் சாவு விழுந்திருக்கிறது. நாங்களும் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த வீட்டில் சாவு விழுவதற்கு முன் பேசிவிடலாம் என்றுதான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாவை நினைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் நாள்: பெட்டி வாடகை, சாமியானா, நாற்காலி, மேளம், மாலை, கோடித்துணி, பூத்தேர், வெடி, கண்ணீர் அஞ்சலி பேனர், டீ, தண்ணீர், வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சாப்பாடு, குழிக்கூலி அல்லது விறகும் வரட்டியும். மூன்றாம் நாள்: பால் தெளிப்பு. பிறகு காரியம்: பத்திரிகை, சடங்கு செய்பவருக்குத் தட்சணை, முடி இறக்கக் கூலி, பங்காளிகளுக்குத் துண்டு, சம்பந்திகளுக்கு வேட்டி புடவை, விருந்து. வசதி இருந்தால், இல்லாவிட்டாலும் பெயருக்காக, விடிய விடியக் கர்ணமோட்சக் கூத்து. வருடம் திரும்பினால் திதி.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். கூட்டும்போதுதான் வயிறு கலங்கும். மொத்தம் லட்சத்தைத் தொட்டது என்றால் இன்று யாரும் வாயைப் பிளப்பதில்லை. சரி, லட்ச ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய், வருடத்துக்கு 36,000. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கைக்கு வந்தால்கூட 33,600தான். ஆக, அந்த வருடக் கூலி முழுவதையும் கொட்டினாலும் வட்டிக்கே போதாது. அசல் அப்படியே நிற்கும். அப்பாவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்துவிடும், அவர் சாவுக்கு வாங்கிய கடன் தீர்ந்திருக்காது.

எந்தச் செலவு யாருக்கு?

எழுதிய பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். உடலைக் குளிப்பாட்டி, புதுத்துணி போர்த்தி, மரியாதையாக மண்ணுக்கோ நெருப்புக்கோ கொடுக்க ஆகும் செலவு ஒன்று. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று செய்யும் செலவு இன்னொன்று. முதலாவது எந்த ஊரிலும் எந்தக் குடும்பத்தையும் கவிழ்த்ததில்லை. இரண்டாவதுதான் கடனாளியாக்குகிறது. போன மாதம் மேலத்தெருவில் இரண்டு பூத்தேர் என்றால் இந்த மாதம் கீழத்தெருவில் மூன்று. அங்கே ஆயிரம் வாலா என்றால் இங்கே ஐயாயிரம் வாலா. சுடுகாடு போகிற வழியெல்லாம் பூவைப் பிய்த்துப் போட்டு, பின்னால் வரும் இரண்டு சக்கர வண்டி வழுக்கி விழுந்தால், ஒரு சாவு இரண்டாகும்.

குறைத்துச் செய்தால் என்ன என்று தனியாகக் கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: 'நாலு பேர் என்னா சொல்வாங்க?' அந்த நாலு பேர் யார் என்று நாங்கள் தேடிப் பார்த்தோம். வேறு யாருமில்லை, நாம்தான். எதிர்வீட்டுக்காரர் எளிமையாகச் செய்தபோது திண்ணையில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தவர்கள் நாம். அதனால் இந்த வேண்டுகோளைச் சாவு வீட்டுக்காரரிடம் வைத்துப் பயனில்லை. அவரால் தனியாக எதையும் குறைக்க முடியாது. துக்கத்துக்குப் போகிற நம்மிடம்தான் வைக்கிறோம்.

சட்டம் போட்டால் ஆகாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். ராஜஸ்தானில் சாவு விருந்தைத் தடுக்க 1960லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். விருந்து நின்றபாடில்லை. ஊர்ப் பேச்சை மாற்றாமல் எந்தச் சட்டமும் சாவு வீட்டு வாசல்படி தாண்டாது.

குறைக்க வேண்டியதும் குறைக்கக் கூடாததும்

செலவைக் குறை என்றதும் நம் கை முதலில் போவது உழைப்பவர் கூலியின் மேல். குழி வெட்டியவருக்கு நூறு ரூபாய் குறைப்போம். மேளக்காரருக்குப் பாதிக் கூலியும் மீதிக்குச் சாராயமும் என்போம். முடி இறக்கியவரை நாளைக்கு வா என்போம். அது சிக்கனமாகாது. வெடிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்த அதே கை இவர்களிடம் மட்டும் இறுகுகிறதே, ஏன்? கூலியை முன்கூட்டியே பேசி, அன்றைக்கே பணமாகக் கொடுப்பதுதான் இறந்தவருக்கும் மரியாதை. பறை வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பறையடிப்பவர் கலைஞர், கூலிக்கு வந்திருக்கிறார். அவரைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் வீட்டார் விருப்பம். வரச் சொன்ன பின் ஏவுவதும் ஏய்ப்பதும் கூடாது.

மதுவைப் பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போது செய்தி வந்தது. அதற்குப் பிறகும் 'தூக்குறவங்களுக்கு ஏதாவது வாங்கிக் குடுப்பா' என்று சாவு வீட்டு மகனிடம் போய்க் கேட்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

சடங்கை விட்டுவிடுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் எளிமையாகச் செய்வது நாத்திகம் என்று யாராவது சொன்னால் வடலூரைக் காட்டுங்கள். நம் பழைய தென்னாற்காட்டு மண்ணில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், 1871இலேயே தம் அன்பர்களுக்குச் சொல்லிவிட்டார்: இறந்தவருக்காகக் கருமாதிக் கிரியைகள் வேண்டாம், முடிந்த ஒரு நாளில் முடிந்த அளவுக்குப் பசித்தவருக்குச் சோறிடுங்கள். அவரைவிட ஆன்மிகம் தெரிந்தவர் நம் ஊரில் யார்?

வர வேண்டிய பணத்தை விடாதீர்கள்

போகிற பணத்தைப் பார்க்கும் நாம் வரவேண்டிய பணத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பட்டியலை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுவர அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. தனியார் வண்டிக்கு வாடகை பேசுவதற்கு முன் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருப்போர் குடும்பத்துக்கு ஈமச்சடங்கு நிதியும் மரண உதவியும் உண்டு. நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கு ஈமச்சடங்கு நிதி 2,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், இயற்கை மரண உதவி 20,000லிருந்து 30,000 ஆகவும் உயர்த்தப்படும் என்று 2025 மார்ச் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

கட்டடம், தையல், ஓட்டுநர் என்று ஏதாவது ஒரு நல வாரியத்தில் அட்டை இருந்தால் அதிலும் ஈமச்சடங்கு உதவி உண்டு. ஆனால் அட்டையைப் புதுப்பித்திருக்க வேண்டும். காலாவதியான அட்டையோடு அலைந்து திரும்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதித்துப் போடுபவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய்.

இறந்தவரின் பாஸ்புக்கை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். வருடத்துக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. இரண்டு லட்சம் வரும். 20 ரூபாய் பிடித்திருந்து, விபத்தில் இறந்திருந்தால் அதிலும் இரண்டு லட்சம் வரும். பிடித்ததே தெரியாமல் விட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

இந்த உதவிப் பணம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாமதமானால் கட்டணம், ஓராண்டு கடந்தால் அதிகாரி உத்தரவுக்கு அலைய வேண்டும். பதினாறாம் நாள் காரியம் வைக்கிற வீட்டில், காரியம் முடிந்தபின் மிச்சம் ஐந்தே நாள். விருந்துச் சாமான் பட்டியல் எழுதுகிற அன்றைக்கே, படித்த ஒரு பிள்ளையைப் பதிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஊருக்கு ஒரு சாவு நிதி

அரசுப் பணம் வர மாதங்கள் ஆகலாம். சாவு வீட்டுக்குப் பணம் தேவைப்படுவது விடியற்காலை நான்கு மணிக்கு. அந்த நேரத்துக்கு வட்டிக்காரரைவிட முந்திப் போய் நிற்க ஊரால் மட்டும்தான் முடியும்.

இலங்கையில் தமிழர் சிங்களவர் வேறுபாடின்றிப் பல ஊர்களில் மரணாதாரச் சங்கம் நடத்துகிறார்கள். மாதாமாதம் சிறு சந்தா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கத்தின் பந்தல், நாற்காலி, பாத்திரம், கைப்பணம் எல்லாம் உடனே போய்ச் சேரும். எத்தியோப்பியாவிலும் இதே ஏற்பாடு உண்டு, அங்கே அதற்கு 'இத்திர்' என்று பெயர். நம்மிடம் சீட்டு நடத்தத் தெரியாத தெரு உண்டா? மகளிர் குழுக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 150 வீடு உள்ள ஊரில் ஒரு சாவுக்கு வீட்டுக்கு 100 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். முதல் நாளின் அவசியச் செலவில் பெரும்பகுதியை அது தாங்கும். தொகை எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், போகிற தொகையும் ஒன்றாகவே இருக்கட்டும். ஊரும் காலனியும் ஒரே நோட்டில் வரட்டும். சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கு முதல் படியாக ஒரு நோட்டுப் புத்தகமாவது பொதுவாக இருக்கட்டும்.

நாங்கள் கேட்பவை

1. துக்கத்துக்குப் போகும்போது மாலைக்குப் பதில் அந்தக் காசையோ, ஒரு சிப்பம் அரிசியையோ வீட்டாரிடம் கொடுங்கள். மாலை அன்று மாலைக்குள் வாடிவிடும், அரிசி காரியம் வரை உலை வைக்கும்.

2. வெடி, பேனர், பூத்தேர் மூன்றையும் ஊர்க்கட்டுப்பாடாகவே நிறுத்துங்கள். முதலில் வசதி உள்ள வீடுகள் நிறுத்தட்டும். அவர்கள் நிறுத்தினால்தான் இல்லாதவர் நிறுத்த முடியும்.

3. சாவு வீட்டுக் காசில் மது வாங்கக் கூடாது. கேட்கவும் கூடாது.

4. துணிக்குத் துணி மாற்றிக்கொள்ளும் சீரைப் பங்காளிகளும் சம்பந்திகளும் பேசி விட்டுவிடுங்கள். பீரோவில் மடித்து வைத்த அந்தப் புடவையை யாரும் கட்டுவதில்லை.

5. காரியத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு போதும். இலையில் எத்தனை பதார்த்தம் என்று எண்ணாதீர்கள்.

6. கூலி எதையும் குறைக்காதீர்கள்.

7. அடுத்த கிராம சபையில் சாவு நிதி பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். குளிர்ப்பெட்டி, சாமியானா, நாற்காலி, பாத்திரம் ஆகியவை ஊர்ப் பொதுவில் இருக்கட்டும்.

வயதான பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. 'எனக்கு இவ்வளவு போதும்டா' என்று பிள்ளைகளிடம் இப்போதே, நாலு பேர் கேட்கச் சொல்லிவையுங்கள். நீங்கள் சொல்லாமல் போனால் உங்கள் பெயரைச் சொல்லி ஊர் கேட்கும், பிள்ளை கடன் வாங்குவான். நீங்கள் சொல்லிவிட்டால் அவனை யாரும் குறை பேச முடியாது.

பேசுகிறதும் நாலு பேர், தூக்குகிறதும் நாலு பேர். அடுத்த முறை ஒரு வீட்டில் பாடை எளிமையாகக் கிளம்பினால் வாயைத் திறக்காதீர்கள். தோளைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ரிஷிவந்தியம் சுற்றுவட்டார ஊர்மக்கள் சிலர்