விண்ணப்பத்தில் நின்றுவிட்ட பெயர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம் அது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்த திட்டம். மகப்பேறு நிதியுதவி முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலும், இலவசத் தையல் இயந்திரம் சத்தியவாணி முத்துவின் பெயரிலும், விதவை மறுமண உதவி தர்மாம்பாளின் பெயரிலும் வழங்கப்படுகின்றன. விண்ணப்பம் எழுதும்போது இந்தப் பெயர்களைக் கடந்துதான் குடும்பங்கள் போகின்றன. இவர்கள் யார் என்ற கேள்வியோ, பல வகுப்பறைகளில் ஒரு மதிப்பெண் வினாவோடு முடிந்துவிடுகிறது.

பாடநூலைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ‘கல்வியில் சிறந்த பெண்கள்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலும் பெண்கள் இயக்கத்தைப் பேசுகிறது. குறை, பாடம் நடத்தப்படும் விதத்தில் இருக்கிறது. சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் யார், முதல் பெண் மேயர் யார் என்று பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதுவரை ஏன் ஒரு பெண்கூட அந்த இடத்துக்கு வரவில்லை என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை. வரலாறு தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

முத்துலட்சுமி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் தொடங்கிய போராட்டம் சட்டமாக நிறைவேறியது 1947இல். இடையில் 20 ஆண்டுகள் ஏன் கழிந்தன? எதிர்த்தவர்கள் எந்த வாதங்களை வைத்தார்கள்? அந்த முறையின் கொடுமையை அனுபவித்து வெளியேறிய ராமாமிர்தம் 1936இல் நாவல் எழுதி அவர்களுக்கு எப்படிப் பதில் சொன்னார்? ஒரு பாடவேளை முழுவதும் மாணவர்கள் வாதிட இவ்வளவு போதும்.

1938இல் திருச்சியிலிருந்து சென்னைவரை இந்தி எதிர்ப்புப் படை நடந்து வந்தபோது ராமாமிர்தத்துக்கு வயது 55. அவரும் நடந்தார். அதே ஆண்டு நவம்பரில் தர்மாம்பாளோடு சேர்ந்து மறியல் செய்து சிறைக்குப் போனார். மற்ற ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம் தமிழாசிரியர்களுக்கும் வேண்டும் என்று பின்னாளில் ‘இழவு வாரம்’ அறிவித்துப் போராடியவர் தர்மாம்பாள். தமிழாசிரியர் தம் சம்பளத்தின் கதையாகவே இதை வகுப்பில் சொல்ல முடியும்.

ஊரின் கதைக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும். ஆவடியை வரலாற்று நூல்கள் 1955 காங்கிரஸ் மாநாட்டுக்காகவும், அங்கே நிறைவேறிய சோஷலிச பாணித் தீர்மானத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கின்றன. சென்னையின் இதே மேற்குப் புறநகரில் பெண்கள் நடத்திய போராட்டம் ஒன்று அண்மையில்தான் உலகச் செய்தியானது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்ற பதற்றத்தோடு இளம்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் உட்கார்ந்தார்கள். விடுதிகளில் தரையில் நெருக்கியடித்துப் படுத்த நிலை வெளியே தெரிந்தது. ஐபோன் தயாரிக்கும் அந்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12இல்தான் மீண்டும் திறந்தது. சாலையில் உட்கார்ந்தவர்களில் பலர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியைவிட அப்போது சில வயதே மூத்தவர்கள்.

அதே 2021இல்தான் கடை ஊழியர்கள் பணிநேரத்தில் உட்கார இருக்கை வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. கேரளத்தில் 2018இல் அப்படியொரு திருத்தம் வரக் காரணம், துணிக்கடைப் பெண்களின் நெடிய போராட்டம். அம்பத்தூரை அடுத்த பாடியின் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். உட்காரவும் ஒரு சட்டம் தேவைப்பட்டது ஏன் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் வகுப்புக்கு விளக்குவார்கள்.

வழி எளியது. அம்மாவிடமோ பாட்டியிடமோ நான்கு கேள்விகள் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். எத்தனையாம் வகுப்போடு படிப்பு நின்றது, யார் நிறுத்தியது, முதல் சம்பளம் எவ்வளவு, அது யார் கைக்குப் போனது? அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தையல் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் பழைய சம்பளச் சீட்டும் இஎஸ்ஐ அட்டையும் இருக்கக்கூடும். அவை வரலாற்றுச் சான்றுகள். கேட்டு எழுதும் வேலை பையன்களுக்கும் சேர்த்துத்தான். அம்மாவின் படிப்பு நின்ற காரணத்தைத் தன் காதால் கேட்ட பையன், அக்காவின் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்போது சும்மா இருக்க மாட்டான்.

சான்றைச் சோதிக்கவும் இங்கேயே பழக்கலாம். வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டு ஆண்டதற்கு ஆவணங்கள் உள்ளன. அவருடைய படையில் போரிட்டதாகச் சொல்லப்படும் குயிலியின் கதை பெரும்பாலும் வாய்மொழி மரபில் வாழ்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், ஒன்று ஏன் ஏட்டில் ஏறியது, மற்றொன்று ஏன் வாய்மொழியாகவே தங்கியது என்று கேட்பதுதான் குயிலிக்குச் செய்யும் மரியாதை.

அமெரிக்காவின் பெண்கள் வரலாற்று மாதம் 1987இல் தேசிய அளவில் அறிவிக்கப்பட்டது. அதற்கு வித்திட்டது, கலிஃபோர்னியாவின் சோனோமா மாவட்டப் பள்ளிகள் 1978இல் கொண்டாடிய ஒரே ஒரு வாரம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு பள்ளி தொடங்குவதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 8இல் கோலப்போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளட்டும். புதுமைப்பெண் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, அதிலிருக்கும் பெயர் யாருடையது என்ற கேள்வியோடு அந்த வகுப்பைத் தொடங்கட்டும்.