தெருநாய்களுக்கு உணவளிக்க இடம் ஒதுக்காமல் மக்களை மோதவிடுவதா? குடியிருப்போர் நலச் சங்கம் கண்டனம்

புதுச்சேரி, டிசம்பர் 2025

தெருவில் நாய்களுக்குச் சோறு வைக்கத் தடை என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லிவிட்டு, எங்கே வைக்கலாம் என்பதைச் சொல்லாமல் கிடப்பில் போட்டிருக்கும் உள்ளாட்சி நிர்வாகத்தை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

சென்ற வாரம் ஓர் இரவு, எங்கள் பகுதியில் நாய்களுக்குத் தயிர்ச்சோறு வைத்துக்கொண்டிருந்த வயதான அம்மையாரைச் சிலர் சூழ்ந்துகொண்டு, தூக்குவாளியை எட்டி உதைத்து, "சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டாச்சு, இனிமே வெச்சா போலீஸ்தான்" என்று மிரட்டியுள்ளனர். இந்த அடாவடியையும் கண்டிக்கிறோம். அதே சமயம், மிரட்டியவர்களில் ஒருவரின் பேரன் நாய்க்கடிக்கு ஊசி போட்டு வருகிறான் என்பதையும் மறைக்கவில்லை. இரு தரப்பும் எங்கள் உறுப்பினர்களே.

உச்ச நீதிமன்றம் 22.8.2025 அன்று பிறப்பித்த உத்தரவு தெருவில் உணவளிப்பதைத் தடுக்கிறது. மீறினால் நடவடிக்கை என்கிறது. அதே உத்தரவுதான், ஒவ்வொரு வார்டிலும் உணவளிக்கத் தனி இடம் ஒதுக்கி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் படிக்கட்டு, கட்டட வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்து இடம் குறிக்கச் சொல்கின்றன. எங்கள் பகுதியில் இன்றுவரை ஒரு பலகைகூட இல்லை.

நேரத்துக்கு ஓரிடத்தில் சோறு கிடைத்தால் நாய்கள் அங்கே கூடும். கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அவற்றைப் பிடிப்பது எளிது. சோறு வைப்பவரை விரட்டினால் அவை குப்பையைக் கிளறிக்கொண்டு தெருத்தெருவாக அலையும். பிடிக்க வருபவர் கையில் சிக்காது.

இடம் கேட்டு யாரிடம் போவது? பிரெஞ்சு ஆட்சியில், 1880 அரசாணையிலேயே நகரசபை கண்ட ஊர் இது. 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. வார்டுக்கு ஓர் இடம் என்கிறது நீதிமன்றம். வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இங்கே இல்லை. அதிகாரிகள் ஒருவரையொருவர் கைகாட்ட, தெருவில் அண்டை வீட்டார் அடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள்:

1. குடியிருப்போரைக் கூட்டிக் கலந்துபேசி, 30 நாட்களுக்குள் வார்டுதோறும் இடம் குறித்துப் பலகை வைக்க வேண்டும்.

2. கருத்தடை, தடுப்பூசி நடந்த தேதியையும் நாய்களின் எண்ணிக்கையையும் வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

3. இறைச்சி, மீன் கழிவுகளை அன்றாடம் அகற்ற வேண்டும்.

4. உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடம் குறிக்கப்படும் வரை பள்ளி வாசலிலோ அடுத்தவர் வீட்டு வாசலிலோ சோறு வைக்காதீர்கள். வைப்பவர் மீது யாரும் கை ஓங்காதீர்கள். கெடு முடிந்தும் பலகை வராவிட்டால், உள்ளாட்சி அலுவலகம் முன் இரு தரப்பும் சேர்ந்தே ஆர்ப்பாட்டம் நடத்துவோம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம்