மூன்று குண்டோடு நிற்கும் துப்பாக்கியும் தடைக்குள் வரவேண்டும்

மதுரை தல்லாகுளத்தை ஒட்டிய தமுக்கம் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்டபோது காந்தியடிகள் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த உயிரைக் குடித்தது பெரெட்டா 1934 ரக பிஸ்டல். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் பாயும்; அடுத்தது தானாக ஏறிக்கொண்டாலும், விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் வெடிக்கும். கோட்சே மூன்று முறை அழுத்தினான்.

இன்று போலீசாரிடமும் உரிமம் பெற்றவர்களிடமும் உள்ள பிஸ்டல்கள் பொதுவாக இப்படித்தான் இயங்குகின்றன. பார்வைக்கு இவற்றைப் போலவே, சுடும் முறையை மாற்றிக்கொள்ளும் பிஸ்டல்களும் உண்டு. ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பிவிட்டால், விசையைப் பிடித்திருக்கும்வரை குண்டுகள் பொழியும். சோவியத் நாட்டின் ஸ்டெச்கின், ஆஸ்திரியாவின் கிளாக் 18 எல்லாம் இந்த ரகம். கிளாக் 18 சுடும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 குண்டுகள். 17 குண்டுகள் கொண்ட மேகசின் ஒரு வினாடிக்குள் காலியாகிவிடும். தோளில் ஊன்றாமல் கையில் பிடித்துச் சுடும்போது குழல் எகிறும். முதல் குண்டு குறிக்குப் போகலாம். மற்றவை எதிரே நிற்கும் யாரையும் துளைக்கும். சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவை நாளில் தல்லாகுளம் பெருமாள் கோயில் முன் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் 2022 ஏப்ரல் 3 அன்று தெருவில் 6 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து சுடும்படி மாற்றப்பட்ட பிஸ்டல் ஒன்று அங்கே சிக்கியது.

நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இத்தகைய துப்பாக்கிகளைத் தனியாருக்குத் தடை செய்திருப்பது சரியானது. ஆனால் அது தரும் விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. விசையிலிருந்து அழுத்தம் நீங்கும்வரை அல்லது மேகசின் காலியாகும்வரை குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்தால்தான் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். பெரெட்டா 93ஆர் போன்றவை ஓர் அழுத்தத்துக்கு மூன்று குண்டுகளைப் பொழிந்துவிட்டுத் தாமாக நின்றுவிடும். விரலும் விசையில் இருக்கும், மேகசினிலும் குண்டுகள் மிஞ்சும். இது விளக்கத்துக்குள் வராது என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். தண்டனைச் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கே போகும். 2019 திருத்தத்தின்படி தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை. உரிமமில்லாத சாதாரண பிஸ்டலுக்கு 2 முதல் 5 ஆண்டுதான். வித்தியாசம் சிறியதல்ல.

இங்கே அப்படியொன்று பிடிபடட்டும், பிறகு பார்க்கலாம் என்பது பொறுப்பான பேச்சு அல்ல. பஞ்சாப் எல்லையில் பிஸ்டல்கள் ட்ரோனிலேயே வந்து இறங்குகின்றன. குற்றம் நடந்த பிறகு திருத்தப்படும் சட்டம் அந்தக் குற்றத்துக்குப் பாயாது. இதற்குப் புதிய மசோதாகூடத் தேவையில்லை. எந்த ஆயுதத்தையும் அரசிதழ் அறிவிக்கை வழியாகத் தடைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரத்தை அதே சட்டம் மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. ஓர் அழுத்தத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடும் எந்தக் கைத்துப்பாக்கியும் தடை செய்யப்பட்டது என்று அறிவித்தால் போதும்.

மாநிலக் காவல்துறைக்கும் இதில் வேலை இருக்கிறது. பிடிபடும் ஒவ்வொரு பிஸ்டலும் எப்படிச் சுடுகிறது, அதில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதித்து, குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும். வெறுமனே 'கைத்துப்பாக்கி 1' என்று எழுதி முடிக்கக் கூடாது.

மத்திய உள்துறை அமைச்சகம் அந்த அறிவிக்கையை உடனே வெளியிட வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும்.