பனியாற்றின் முன் அமர்ந்திருப்பதும் ஆய்வே

"செயற்கைக்கோள் வாரந்தோறும் படம் எடுத்துத் தரும்போது, ஒளிப்படக் கருவியைச் சுமந்துகொண்டு நாலாயிரம் மீட்டர் ஏறுவானேன்? அதற்குப் பெயர் ஆய்வன்று, உல்லாசப் பயணம்." கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் இந்த ஏளனம் அடிக்கடி காதில் விழுகிறது. இன்னொரு கண்டனமும் உண்டு. உருகிக்கொண்டிருக்கும் பனியாற்றைக் கண்டு இன்புறுவது இழவு வீட்டில் விருந்துண்பதற்கு ஒப்பாம். முன்னதைப் பெரும்பாலும் அறிவியல் துறையினரும், பின்னதைச் சூழலியம் பேசும் மானுடவியல் நண்பர்களும் சொல்கின்றனர். இரண்டையும் மறுக்கவே இப்பதிவு.

செயற்கைக்கோளின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இமயத்தின் 650 பனியாறுகளை ஒருசேர ஆராய்ந்து, 2000-க்குப் பிந்தைய பனியிழப்பின் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டின் வேகத்தைப்போல் இருமடங்கு என்று காட்டியது. கால்நடையாகச் சென்று எவரும் இதைக் கண்டிருக்க இயலாது. ஆனால் அவ்வாய்வு பழைய நிலையை எதிலிருந்து அறிந்தது? 1970-களில் அமெரிக்காவின் ஹெக்சகன் உளவுச் செயற்கைக்கோள்கள் படச்சுருளில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து. எடுத்தவர்கள் தேடியது படைத்தளங்களை. பனி தற்செயலாகச் சட்டகத்துள் விழுந்தது. ஒரு படத்தின் பயன் அதை எடுத்த நாளில் தெரிவதில்லை. நம் நிதிக்குழுக்களோ அதை விண்ணப்பத்திலேயே எழுதித் தரச் சொல்கின்றன.

1866-இல் சாமுவேல் போர்ன் கங்கோத்ரிப் பனியாற்றைப் படமெடுத்தபோது, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அங்கேயே கூடாரத்து இருளில் கழுவியெடுக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜான் ஆடன் (கவிஞர் ஆடனின் தமையன்) கோமுகத்தை வரைபடமாக்கினார்; அப்பனியாறு பின்வாங்கிய தொலைவைக் கணக்கிட்ட பிற்கால ஆய்வுகள் பலவும் அவ்வரைபடத்தில்தான் தொடங்குகின்றன. எவரெஸ்டின் வடபுறத்து ரோங்புக் பனியாற்றை மலோரி 1921-இல் எடுத்த இடத்தைத் தேடிக் கண்டடைந்து, 2007-இல் டேவிட் பிரஷியர்ஸ் மீண்டும் எடுத்தார். பனியின் மட்டம் ஏறக்குறைய 100 மீட்டர் தாழ்ந்திருந்ததை எவர் கண்ணும் காணலாம்.

அந்த "இடத்தைத் தேடிக் கண்டடைதல்" எத்தகைய உழைப்பு என்பது ஏளனம் செய்வோர்க்குத் தெரியாது. பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பாறையின் விளிம்பு தொலைவிலுள்ள ஒரு சிகரத்தின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டடி இடம் நகர்ந்தாலும் அத்தொடுகை பிறழும். முற்பட்ட ஒளிப்படக்காரர் நின்ற மேடே சரிந்து போயிருக்கவும் கூடும். பருவமும் பொருந்த வேண்டும். மே மாதத்துப் புதுப்பனி போர்த்திய படத்தையும், கோடை உருகல் முடிந்த செப்டம்பர் இறுதிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அன்றும் இன்றும்" என்று பகிர்வது பொய் சொல்வதே. நோக்கம் நல்லது என்பதால் பொய் மெய்யாகிவிடாது. இத்தகைய படங்களைப் பேராசிரியர்களே பகிரக் கண்டிருக்கிறேன்.

வானிலிருந்து பார்ப்பதன் குறை இமயத்தில் தெளிவாகவே வெளிப்படும். கங்கோத்ரி போன்ற பனியாறுகளின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடப்பது. மேலிருந்து பார்த்தால் பனியாறு எங்கே முடிகிறது, வெறும் மொரைன் மேடு எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கடினம். ஒரே படத்தில் இருவர் இருவேறு எல்லைகளை வரைவர். இந்திய இமயத்தில் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்ட பனியாறுகள் 9,575. இவற்றுள் 2002 முதல் ஆண்டுதோறும் நேரில் அளக்கப்பட்டு வரும் சோட்டா சிக்ரி போன்றவை மிகச் சில. 2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடக்கூடும் என்ற கூற்று, ஓர் இதழ் நேர்காணலில் தொடங்கிக் கைமாறிக் கைமாறி, ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கைக்குள் நுழைந்து, 2010 சனவரியில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். பல நூறு மீட்டர் தடிப்புள்ள பனி கால் நூற்றாண்டில் கரையாது என்பதை, ஒரு பருவம் அதன் முன் அமர்ந்திருந்தவர் எவரும் சொல்லியிருப்பார். நங்கா பர்பத்தின் ரைகோட் பனியாற்றை 1934-இல் செருமானியர் படமெடுத்தனர். எழுபதாண்டுகள் கழித்து அதே இடங்களிலிருந்து எடுத்தபோது சுருக்கம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அழிவை மட்டுமே காணச் செல்பவர் இத்தகைய படத்தை வெளியிடவே தயங்குவார்.

இனி, இன்பம் பற்றி. பனியாற்றின் மேல் கிடக்கும் ஒரு பெருங்கல் தன் நிழலால் அடியிலுள்ள பனியைக் காக்கிறது. சுற்றிலும் உருகி இறங்க, கல் ஒரு பனித்தண்டின் மேல் மேசைபோல் நிற்கிறது. தென்புறம் வெயில் மிகுதியாகையால் மெல்ல அப்பக்கம் சாய்ந்து ஒருநாள் சரிகிறது. காலையில் தாண்டிச் சென்ற ஓடை மாலையில் சாம்பல் நிறத்தில் பெருகித் தாண்டவொண்ணாததாகிறது. வெயில் படும் பனிச்சுவரிலிருந்து நண்பகலுக்குப் பின் கற்கள் ஒவ்வொன்றாக உதிரும் ஓசை கேட்கிறது. இவற்றையெல்லாம் அறிய மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்; அவ்வாறு உட்கார வைப்பது கடமையுணர்ச்சியன்று, மகிழ்ச்சியே. மருட்கைக்கு நிலைக்களன்களாகப் பெருமையோடு சிறுமையையும், ஒன்று மற்றொன்றாகும் ஆக்கத்தையும் சேர்த்தெண்ணியது தொல்காப்பியம். சுருங்கும் பொருளும் வியப்புக்குரியதே என்று கொண்ட மரபில் வந்தவர்களுக்கு, துக்கம் ஒன்றே தகுந்த மெய்ப்பாடு என்று யார் விதித்தது? ஐசுலாந்தில் 2019-இல் ஓக் பனியாற்றுக்கு நினைவுப் பலகை வைத்தனர். அது இறந்துவிட்டது, வைத்தது முறை. சோட்டா சிக்ரி இறக்கவில்லை. உயிருள்ளதன் முன் ஒப்பாரி வைப்பவர் அதைப் பார்க்கவில்லை என்றே கொள்வேன்.

உண்மையான இழப்பு நம் அலமாரிகளில் நிகழ்கிறது. களப்பணிக்குச் சென்ற ஆய்வாளர்களின் படங்கள், முனைவர் பட்டம் முடிந்ததும், தேதியும் திசையும் இல்லாத கோப்புகளாய் வன்தட்டுகளில் செத்துக் கிடக்கின்றன. ஒரு பல்கலைக்கழக நூலகம் இவற்றைச் சேர்த்து வைக்க ஆகும் செலவு, ஒரு கருத்தரங்கின் உணவுச் செலவைத் தாண்டாது.

இந்தச் செப்டம்பரில் மலையேறும் மாணவர்கள், நின்ற இடத்தின் அமைவுக்கூறு, கருவி நோக்கிய திசை, வில்லையின் குவியத்தூரம், நாள், நேரம் ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வையுங்கள். உங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இல்லை. அதை வரையும்வரை "பிற" என்ற கட்டத்தில் நிரப்புங்கள். ஏன் என்று கேட்டால் ஹெக்சகன் கதையைச் சொல்லுங்கள்.