மானை எண்ணுகிறோம், வண்டை யார் எண்ணுவது?

சென்னைக்கு நடுவே சுமார் 270 ஹெக்டேரில் கிடக்கிறது கிண்டி தேசியப் பூங்கா. அங்கே வெளிமானைக் கணக்கெடுக்கிறார்கள். 2016-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது நகரமே பதறியது. பூச்சி குறைந்தால் மட்டும் ‘இப்பல்லாம் ஈசலையே காணோம்’ என்ற பேச்சோடு முடிந்துவிடுகிறது.

பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் பட்டியல் போடுகிறார்கள், நல்ல வேலைதான். ஆனால், நூறு இருந்த இடத்தில் ஐந்து மிஞ்சினாலும் பட்டியலில் அந்த இனம் இருக்கும். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் பூச்சியியல் சங்கத்தினர், பெரும்பாலும் தொழில்முறை சாராதவர்கள், வேறு வழியில் போனார்கள். கூடாரம்போன்ற வலையில் சிக்கியவற்றை எடை போட்டார்கள். 63 காப்பிடங்கள், 27 ஆண்டுகள். பறக்கும் பூச்சிகளின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்ற முடிவு 2017-ல் வெளியானபோது உலகம் அதிர்ந்தது. அத்தனையும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்!

நம் ஊர்க் காட்டுத்துண்டுக்கு வேலி உண்டு; வேலி கொசு மருந்துப் புகையைத் தடுக்காது. அந்த மருந்துக்குக் கொசு எது, தேனீ எது என்று தெரியாது. சர்தார் படேல் சாலையின் விளக்குகள் இரவெல்லாம் அந்துப்பூச்சியை இழுக்கின்றன. நகரத்தின் மற்ற பசுமை வளாகங்களில் ‘சுத்தம்’ என்ற பெயரில் சருகைக் கூட்டி எரிக்கிறோம். மக்கிய சருகைப் புரட்டினால் வெண்நூலாய்ப் படர்ந்த பூஞ்சை, அதற்கடியில் சுருண்ட கூட்டுப்புழு, எரிவது அதுவும்தான். களையென்று பிடுங்கும் எருக்கின் இலையடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட்டிருக்கும். அதன் புழு கண்ட இலையையும் தின்னாது.

சிட்டுக்குருவி குறைந்ததற்குச் செல்போன் கோபுரத்தைத் திட்டித் தீர்த்தோம். தானியம் தின்னும் குருவியும் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகிறது. புழு எங்கே என்று எத்தனை பேர் கேட்டோம்?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு பொய்க்கும். அதோடு பூச்சியும் பெருகிக் குறையும். ஐந்தாறு ஆண்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறுகிய காலத் திட்டங்களுக்குப் பூச்சிக் கணக்கெடுப்பு ஒத்துவராது. ஆகவே, வனத்துறை அனுமதியோடு இதைக் கல்லூரி விலங்கியல் துறைகளிடம் விடலாம். வலையில் பிடித்துக் கொல்லவும் வேண்டாம்: ஒரே பாதை, ஒரே மாதங்கள், ஒரே நேரம், நடந்துகொண்டே எண்ணினால் போதும். மாணவர்கள் மூன்றாண்டில் போய்விடுவார்கள், பதிவேடு துறையிலேயே இருக்கும்.