குற்றாலம் என்னும் பெயர்



ஓர் ஊரின் பெயரே அவ்வூரின் முதற் கல்வெட்டு. கல்லில் வெட்டியது மழையிலும் வெயிலிலும் தேயும். மக்கள் நாவில் வெட்டியதோ பொருளறிந்து பேணும் வரை அழியாது. பொருள் மறந்த அன்று, அப்பெயருக்கு வேறொருவன் வந்து பொருள் சொல்லத் தொடங்குவான். குற்றாலத்திற்கு நேர்ந்தது இதுவே.

குற்றாலம் என்பதற்கு இன்று பல பொருள்கள் கூறப்படுகின்றன. 'கு' என்பது பிறவிப்பிணி, 'தாலம்' என்பது அதனைத் தீர்ப்பது என்று பிரிப்பர் ஒருசாரார். சொல்லில் நிற்பது றகரம். அவர்தம் பிரிப்பில் வருவதோ தகரம்! இரட்டித்த றகரம் எங்கே போயிற்று? 'கு' என்னும் ஓரெழுத்திற்குப் பிறவிப்பிணி என்னும் பொருளை எந்தத் தமிழ் வழக்குத் தந்தது? கேட்டால் விடையில்லை.

மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குத்தாலத்தோடு இதனைக் குழப்புவாரும் உளர். தேவாரத்தில் திருத்துருத்தி எனப்படும் அவ்வூர், அங்குள்ள உத்தால மரத்தால் குத்தாலம் ஆயிற்று என்பர். நெல்லைப் பக்கத்துப் பேச்சில் குற்றாலமும் 'குத்தாலம்' என்றே ஒலிக்கும். ஒலி ஒத்தது என்பதற்காகக் காவிரிக்கரை மரத்தைக் கொண்டுவந்து மேற்கு மலையடியில் நடலாமா?

உண்மைப் பொருளைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குற்றாலத்திலேயே நின்று சுற்றிப் பாருங்கள். அங்கே பாயும் ஆறு எது? சிற்றாறு. சிறு+ஆறு. மலைமேல் விழும் அருவிகளுள் ஒன்று எது? சிற்றருவி. சிறு+அருவி. சிறு, குறு என்னும் பண்புச் சொற்களின் முன் உயிர்முதற்சொல் வந்தால் ஈற்று உகரம் கெட்டு றகரம் இரட்டிக்கும் என்பது நன்னூல் பயின்ற மாணவனும் அறிந்த நெறி. அந்நெறிப்படியே குறு+ஆல் குற்றால் ஆயிற்று. ஆல் ஆலம் ஆவது போலக் குற்றால் குற்றாலம் ஆயிற்று. ஆறும் அருவியும் ஊரும் ஒரே இலக்கணத்தை ஓதிக்கொண்டிருக்க, நாம் பிறவிப்பிணிக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறோம்!

கோயில் மரம் பலாவாயிற்றே, ஆல் எங்கிருந்து வந்தது என்று சிலர் வினவலாம். ஏழாம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தர் குற்றாலம் என ஒரு பதிகமும், குறும்பலா என ஒரு பதிகமும் தனித்தனியே பாடினார். ஊர்ப்பெயரில் ஆல், கோயிற்பெயரில் பலா. இரண்டிலும் 'குறு' என்னும் அடைமொழி. மரத்தால் ஊர்க்குப் பெயரிடுதல் தமிழர்தம் தொன்று தொட்ட வழக்கம். ஆலங்காடும் பனையூரும் தில்லையும் அதற்குச் சான்று. இதே மாவட்டத்துப் புளியங்குடியும் சான்று. அருகிலுள்ள இலஞ்சியோ இருபொருள் தரும்: குளமும் இலஞ்சி, மகிழ மரமும் இலஞ்சி.

இவ்விடத்தில் நமக்கு நாமே ஓர் எச்சரிக்கை சொல்லிக்கொள்ளல் வேண்டும். அண்டையிலுள்ள தென்காசி, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயிலால் புகழ்பெற்றது. வடக்கே கங்கைக்கரைக் காசியை நினைந்து தெற்கே இட்ட பெயர் அது. 'தென்' என்பது தமிழ். 'காசி' என்பது வடபுலத்து ஊர்ப்பெயர். தமிழ்ப்பற்றினால் 'காசி'க்கும் ஒரு தமிழ்வேரை நாமே புனைந்துரைப்போமாயின், 'கு'வும் 'தால'மும் கண்டவர்க்கும் நமக்கும் வேறுபாடு யாது? பொய்வேர் எம்மொழியில் இருப்பினும் பொய்வேரே. சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் வேர்ச்சொல்லாய்வையே வாழ்வாகக் கொண்டார். அவர் பிறந்த ஊர் 2019இல் அமைந்த தென்காசி மாவட்டத்தின் ஊர்களுள் ஒன்று. அம்மண்ணில் பெயராய்வு நேர்மையுடன் நடைபெறுதலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.

பழம்பெயர்க்குப் புதுப்பொருள் புனைவது ஒரு தீங்கு. பெயரையே பறிகொடுப்பது அதனினும் பெருந்தீங்கு. பெரு+அருவி பேரருவி. எத்துணை அழகிய சொல்! அதனை 'மெயின் அருவி' என்று சொல்லப் பழகிவிட்டது தமிழன் நா. நீர் தமிழ்மலையில் வீழ்கிறது. நாவோ ஆங்கிலத்தில் வழுக்கி வீழ்கிறது. ஆங்கிலப் பலகையிலோ குற்றாலம் 'கோர்ட்டாலம்' எனப் படிக்குமாறு எழுதப்பட்டுக் கிடக்கிறது. வெளியூரார் அங்கே வழக்குமன்றத்தைத் தேடினும் வியப்பில்லை!

தமிழ் ஒலிப்புக்கேற்ப 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றும் அரசாணை 2020 சூனில் வெளிவந்தது. எழுத்துமுறை பற்றி எழுந்த குறைகூறல்களால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. குறையிருந்தால் மொழியறிஞரைக் கூட்டித் திருத்துவதே முறை. பிழைநேர்ந்தது என்பதற்காக முயற்சியையே கைவிடுதல், கதிரில் பதர் கண்டு வயலையே தரிசு போடுவதாகும்.

அரசு செய்யட்டும் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. அடுத்த சாரலுக்குக் குற்றாலம் செல்லும் ஒவ்வொருவரும் பேரருவி என்றே சொல்க. உடன்வரும் சிறுவர்க்குச் சிற்றாற்றையும் சிற்றருவியையும் காட்டிக் குற்றாலத்தின் வேரைச் சொல்லித் தருக. கடைப்பலகையிலும் விடுதிப்பலகையிலும் அப்பெயர்களை எழுதுமாறு உரியவரிடம் பணிவாகவும் உறுதியாகவும் கேட்க.

ஆலமரத்தை விழுது தாங்கும். குற்றாலம் என்னும் பெயரைத் தாங்கும் விழுதுகள் நாமே.